24 வோல்ட் எந்தப் பக்கம்?

"அண்ணா, பிஎல்சியில லைட் எரியுது, மோட்டர் ஓடுதில்லை. டிரைவ் போயிட்டுது போல." கொழும்பை அடுத்த இரத்மலானை, பேலியகொடைப் பக்கத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகும்போது, கூட வரும் தம்பிமார் அடிக்கடி சொல்வது இது. பிஎல்சி என்பது மெஷினுக்குக் கட்டளை கொடுக்கும் சின்னக் கணினி; டிரைவ் அந்தக் கட்டளைப்படி மோட்டரை ஓட்டும் பெட்டி. பெரும்பாலும் டிரைவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த மெஷினையும் ஐரோப்பிய பிஎல்சியையும் ஒரே பனலில் (மின் பெட்டியில்) சேர்த்திருப்பார்கள், சிக்கல் அங்கேதான். முன்னது பெரும்பாலும் சிங்க் முறை, பின்னது சோர்ஸ் முறை.

சோர்சிங் அவுட்புட் 24 வோல்ட்டை வெளியே தரும். சிங்கிங் அவுட்புட் வயரை 0 வோல்ட்டோடு சேர்த்து கரண்டை உள்ளே இழுக்கும். சிங்க் முறையில் வைத்த டிரைவின் இன்புட் முனையை மீட்டரால் பார்த்தால், சும்மா இருக்கும்போதே 24 வோல்ட் அளவில் காட்டும். யாராவது அதைக் கீழே இழுக்க வேண்டும். ஏற்கெனவே 24-இல் நிற்கும் முனைக்கு பிஎல்சியும் 24-ஐக் கொடுத்தால் கரண்ட் எப்படி ஓடும்? லைட் மட்டும் எரியும். மீட்டரை எடுக்காமல் டிரைவை மாற்றச் சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒரு டிரைவின் விலை சின்ன விலை இல்லை.

பல டிரைவ்களில் இதை சோர்ஸ் முறைக்கு, அதாவது 24 வோல்ட் வந்தால் இயங்கும் முறைக்கு, மாற்ற ஜம்பரோ (முனைகளை இணைக்கும் சின்னத் துண்டு) சின்ன சுவிட்சோ இருக்கும். பவரை நிறுத்திவிட்டு மாற்றினால் மோட்டர் ஓடும். அப்புறம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் சிங்க், சோர்ஸ் இரண்டில் எந்தப் பக்கம் மாற்றுகிறோம் என்பது ஆள் பாதுகாப்போடு சேர்ந்த விஷயம்.

பனலில் 0 வோல்ட்டை எர்த் செய்திருக்கிறோம் என்று வையுங்கள். மெஷினுக்குள் போகும் ஸ்டார்ட் வயர் உரசித் தோல் போய், இரும்புச் சட்டத்தில் படுகிறது. சிங்க் முறையாக இருந்தால் அந்த முனை 0-க்கு இறங்கும்; டிரைவ் அதை ஸ்டார்ட் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பிஎல்சி சொல்லாமலே மோட்டர் சுற்றும், பிஎல்சி நிறுத்தினாலும் நிற்காது. உருளைக்குள் ஒருவர் கை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கலாம். சோர்ஸ் முறையில் அதே வயர் அதே இடத்தில் பட்டால், அவுட்புட் வேலை செய்யும் நேரத்தில் ஃபியூஸ் போகும், மோட்டர் நிற்கும். எர்த் பழுதினால் மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது என்று மெஷின்களின் மின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60204-1 கேட்பதும் இதற்காகத்தான். இரண்டு வழியும் திறந்திருந்தால் நான் சோர்ஸையே எடுப்பேன். எதை எடுத்தோம் என்பதைப் பனல் வரைபடத்திலும் எழுதிவைப்பேன். அடுத்துத் திறக்கப்போகிறவர் வேறொருவர்.

இன்னொன்று, பிஎல்சியின் 24 வோல்ட்டும் டிரைவின் 24 வோல்ட்டும் வேறு வேறு சப்ளை. ஒன்றை நிறுத்தும்போது மற்றதிலிருந்து கரண்ட் குறுக்கு வழியில் ஓடி இன்புட்டைத் தவறாக இயக்கக்கூடும். அதனால் பொது முனையை (இன்புட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான முனை) கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காமல், சிங்குக்கு எது, சோர்சுக்கு எது என்று டிரைவின் புத்தகத்தைப் பார்த்தே சேர்க்க வேண்டும். மிட்சுபிஷி டிரைவ்களில் சிங்குக்கு வெளிச் சப்ளையின் பிளஸ் 'பிசி' முனைக்குப் போகும்; சோர்சுக்கு 0 வோல்ட் 'எஸ்டி' முனைக்கு.

இடையில் ரிலே (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டால் இந்தத் தலையிடி இல்லை என்பார்கள். ஸ்டார்ட், ஸ்டாப்புக்கு சரி. சர்வோவுக்கு (நிலையையும் வேகத்தையும் துல்லியமாகப் பிடிக்கும் மோட்டர்) வேகமான பல்ஸ் அனுப்ப ரிலே ஈடுகொடுக்காது, அங்கே டிரான்சிஸ்டர் அவுட்புட்தான் வேண்டும். ஆகவே பிஎல்சிக்கு விலை கேட்கும்போதே அது சிங்கா, சோர்சா என்றும் கேட்டுவிடுங்கள்.