ஆடிட்டர் ஆபீஸுக்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர் தேடிய அனுபவம்

திருப்பூரில் நான் நடத்துவது சின்ன ஆபீஸ். நானும் மூன்று ஸ்டாஃபும், அவ்வளவுதான். பார்ட்டிகளில், அதாவது நாங்கள் கணக்கு பார்க்கும் வாடிக்கையாளர்களில், பாதிக்கு மேல் பனியன் தொழில்: நிட்டிங், ஸ்டிச்சிங் ஜாப் ஒர்க், காம்பாக்டிங், நூல் வியாபாரம். மீதி கடைக்காரர்கள், சில டாக்டர்கள், வாடகை வருமானம் உள்ளவர்கள். இத்தனை வருடமும் ஒரு எக்செல் ஷீட், சீனியர் அக்கௌண்டன்ட் அக்காவின் கோடு போட்ட நோட்டு, வாட்ஸ்அப் இந்த மூன்றை வைத்தே ஓட்டினோம். ஆனால் அக்கா லீவ் போட்டால் யாருடைய பர்ச்சேஸ் பில் வந்தது, யாரிடம் ஓடிபி கேட்கணும் என்று மற்ற இருவருக்கும் தெரியாது. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) என்று ஓடும் ஆபீஸில், சாஃப்ட்வேர் தேட அது ஒன்றே போதுமான காரணம்.

தேட ஆரம்பித்ததும் கண்ணில் படுவது எல்லாம் சிஆர்எம், அதாவது வாடிக்கையாளர் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர். சோஹோவின் பிகின் மாதிரி சின்ன நிறுவனங்களுக்கென்றே எளிமையாகச் செய்தவையும் இருக்கின்றன, பொருள் விற்பவர்களுக்கு நல்ல கருவிகள். ஆனால் சிஆர்எம் என்பதன் எலும்புக்கூடே விற்பனைதான்: ஒருவர் விசாரிக்கிறார், பேசுகிறோம், விலை சொல்கிறோம், டீல் முடிகிறது. நம்ம வேலை முடிகிற வேலை இல்லையே. ஜூன் மாத ரிட்டர்ன் போட்ட அன்றைக்கே ஜூலை மாதம் வரிசையில் நிற்கும், அதே பார்ட்டிக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வரி) 7-ஆம் தேதி, பிஎஃப் இஎஸ்ஐ 15-ஆம் தேதி, காலாண்டுக்கு ஒருமுறை அட்வான்ஸ் டாக்ஸ் என்று தனித்தனி நூலாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றை ட்ரையலில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், நாளைக்கு யார்யாருக்கு போன் போடணும்னு இதுல எங்கீங்க பாக்கறது?" என்றார். அன்றிலிருந்து எந்த டெமோவிலும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

அடுத்து பார்த்தது ஆடிட்டர் ஆபீஸுக்கென்றே செய்தவை. இவற்றில் பல பெரிய ஃபர்ம்களை நினைத்துச் செய்யப்பட்டவை. ஆடிட்டரிடம் பயிற்சிக்கு வரும் ஆர்ட்டிகிள் பையன்களின் வருகைப் பதிவு, மணிக்கணக்கு டைம்ஷீட், அதை வைத்து பில் என்று போகும். நாங்கள் மணிக்கணக்கில் பில் போடுவதில்லை, வருடத்துக்கு இவ்வளவு என்று பேசி வைத்திருக்கிறோம். அதனால் அவை ஒத்துவரவில்லை.

உண்மையான வேலை சாஃப்ட்வேருக்கு வெளியே இருந்தது: பார்ட்டி லிஸ்டைச் சுத்தம் செய்வது. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால் வரும், இன்னொரு இடத்தில் பின்னால் வரும், ஆங்கிலத்தில் எழுதும்போது செந்தில், கார்த்திக் எல்லாம் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். பெயரை வைத்து இரட்டிப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. பான் எண்தான் சாவி. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த 10 எழுத்து அப்படியே பான். எக்செலில் மிட் ஃபார்முலா போட்டு 3-வது எழுத்திலிருந்து 10 எழுத்தை எடுத்தால் எல்லாருடைய பானும் வரிசையாக வந்துவிடும். அந்தப் பானின் நான்காவது எழுத்து தனிநபர், பார்ட்னர்ஷிப், கம்பெனி, டிரஸ்ட் என்று வகையும் சொல்லிவிடும், அதைக் கையால் உட்கார்ந்து நிரப்ப வேண்டியதில்லை. இதை முடித்ததும் ஷீட்டே பாதி உயிர் பெற்ற மாதிரி இருந்தது. எந்த சாஃப்ட்வேரும் வாங்காவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

போன் நம்பர் அடுத்த சிக்கல். எங்கள் பார்ட்டிகளில் அப்பா பெயரில் நிட்டிங், மகன் பெயரில் ஸ்டிச்சிங், மருமகள் பெயரில் ஜாப் ஒர்க் என்று ஒரே வீட்டில் மூன்று ரிஜிஸ்ட்ரேஷன் இருப்பது சாதாரணம். ஓடிபி போவது போர்ட்டலில் பதிந்த நம்பருக்கு, பில் அனுப்புவது அவர்களுடைய கணக்குப்பிள்ளை, பீஸ் கேட்க வேண்டியது அப்பாவிடம். ஒரு பார்ட்டிக்கு மூன்று நம்பர், ஒவ்வொன்றும் எதற்கு என்ற குறிப்பு, குடும்பம் முழுவதையும் ஒரு குரூப்பாகப் பார்க்கும் வசதி, இவை இல்லாத சாஃப்ட்வேர் எங்களுக்கு உதவாது. பல டெமோக்களில் இந்த இடத்தில்தான் விற்பனைக்காரர் "அது அடுத்த அப்டேட்டில் வருது சார்" என்று ஆரம்பிப்பார்.

தேதி விஷயத்திலும் விடாமல் நோண்டினேன். டர்ன்ஓவர் 5 கோடி வரை உள்ளவர்கள் க்யூஆர்எம்பி என்ற ஜிஎஸ்டி திட்டத்தை எடுத்திருந்தால் ரிட்டர்ன் காலாண்டுக்கு ஒருமுறை, தமிழ்நாட்டுக்கு 3பி 22-ஆம் தேதி, காலாண்டின் முதல் இரண்டு மாத வரியை அந்தந்த அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்டணும். எல்லாருக்கும் 20-ஆம் தேதி என்று காட்டும் சாஃப்ட்வேரை நம்பி உட்கார முடியாது. அப்புறம் கடைசித் தேதி தள்ளிப்போவது. 2025-ல் ஆடிட் இல்லாதவர்களின் வருமான வரி ரிட்டர்ன் ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குப் போய், அங்கிருந்து இன்னும் ஒரு நாள் நகர்ந்தது நினைவிருக்கும். அத்தனை பேருக்கும் தேதியை ஒரே இடத்தில் மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஒன்றில் ஒவ்வொரு பார்ட்டியாகத் திறந்து மாற்றணும் என்றார்கள். சரி, நன்றி என்று எழுந்துவிட்டேன்.

பாஸ்வேர்ட் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. பார்ட்டியின் ஜிஎஸ்டி, வருமான வரி பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஒரே கிளிக்கில் லாகின் செய்யலாம் என்பதைப் பெரிய வசதியாகக் காட்டுகிறார்கள். வசதிதான். ஆனால் ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்த சாவிகளை முன்பின் தெரியாத சர்வரில் மொத்தமாகக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. பாஸ்வேர்டுகளைத் தனியாக ஒரு பாஸ்வேர்ட் மேனேஜரில் வைத்துக்கொண்டோம். நாம் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிந்திருந்து, போர்ட்டலில் பார்ட்டி நம்மை நியமித்தால், நம் சொந்த லாகினிலேயே அவர்கள் வேலையைச் செய்யலாம். அதைப் பலர் பயன்படுத்துவதில்லை.

வாட்ஸ்அப் ரிமைண்டர் இல்லாமல் திருப்பூரில் பில் வராது. சாதாரண பிசினஸ் ஆப்பின் பிராட்காஸ்டில் ஒரு லிஸ்டுக்கு 256 பேர், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். முழுத் தானியங்கி வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டுக்கு அனுமதி வாங்கணும், மெசேஜுக்குக் கட்டணம் உண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பெயரைத் தொட்டால் தமிழில் எழுதிய மெசேஜோடு வாட்ஸ்அப் திறக்கணும், அனுப்புவது நாங்களே. அக்கா ஒவ்வொருவருக்கும் "அண்ணா, பில்லு இன்னிக்கு அனுப்பிருங்க" என்று ஒரு வரி சேர்ப்பார், பில் வருவது அந்த வரிக்குத்தான்.

கடைசியாக எடுத்தது ஒரு சின்ன நிறுவனத்தின் மிகச் சாதாரணமான சாஃப்ட்வேர். கிராஃப் கிடையாது, மொபைல் ஆப்பும் சுமார்தான். திறந்ததும் இன்றைக்கு யாருடைய என்ன வேலை எந்த நிலையில் நிற்கிறது என்பது முதல் பக்கத்தில் வரும். நிலைகளுக்குப் பெயர் நாமே வைக்கலாம் என்பதால் அக்காவின் நோட்டில் இருந்த தலைப்புகளையே போட்டோம்: பில் வரல, என்ட்ரி, செக்கிங், ஓடிபி, ஃபைல் ஆச்சு. பணம் கட்டும் முன்பே எங்கள் டேட்டாவை ஏற்றி, மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தேன். வெளியே வந்த சிஎஸ்வி ஃபைலை நேராக எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாகத் தெரியும், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து இம்போர்ட் செய்தால் சரியாக வரும். எல்லா நெடுவரிசைகளும், குறிப்புகளும் சேர்த்து, முழுசாக வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன்.

மாற்றும் வேலையை ஆடிட் சீசன் முடிந்த பிறகு, அதுவும் மாதத்தில் 25-ஆம் தேதி தாண்டி ஆரம்பித்தோம். முதலில் க்யூஆர்எம்பி பார்ட்டிகளை மட்டும் ஏற்றி ஒரு காலாண்டு ஓட்டிவிட்டு மற்றவர்களைச் சேர்த்தோம். நோட்டை அக்கா இன்னும் எழுதுகிறார், நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பீஸ் பாக்கியை இதில் கொண்டுவருவது மட்டும் மிச்சம், அது இப்போதைக்கு டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது.