டர்பனில் அரசு டெண்டர்: சிறிய காண்ட்ராக்டர் கவனிக்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறிதாகக் கட்டட வேலை செய்யும் நம்மவர்கள், "மத்தவங்க விலையைக் குறைச்சுப் போடுறாங்க, நமக்குக் கிடைக்காது" என்று டெண்டரை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் பார்த்தவரை பாதிக் கவர்கள் விலையை ஒப்பிடும் கட்டத்துக்கே போவதில்லை. ஆவணச் சோதனையிலேயே விழுந்துவிடுகின்றன.

சிஐடிபி (கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியம்) பதிவில் தொடங்குங்கள். கிரேடு 1-க்குச் செய்து முடித்த வேலைக்கான சான்று தேவையில்லை. 500,000 ரேண்ட் வரையான டெண்டர் போடலாம். கிரேடு 2-க்கு 1 மில்லியன், 3-க்கு 3 மில்லியன். கட்டட வேலைக்கு ஜிபி, சாலை, வடிகாலுக்கு சிஇ என்று பிரிவு வேறு. ஜிபி மட்டும் வைத்துக்கொண்டு வடிகால் டெண்டர் போட்டால் தள்ளிவிடுவார்கள். பிறகு தேசியக் கருவூலத்தின் சிஎஸ்டி (அரசுக்குப் பொருள், சேவை தருவோர் பட்டியல்) பதிவு, வரித் துறையான சார்ஸ் தரும் வரி நிலை பின் எண், தொழிலாளர் இழப்பீட்டு நிதியின் நன்னிலைக் கடிதம் வேண்டும். மாநகராட்சி வேலை என்றால் தண்ணீர், மின்சார பில் 3 மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கக் கூடாது. இயக்குநர்களின் வீட்டு பில்லையும் கேட்பார்கள்.

படிவங்களைக் கறுப்பு மையில் நிரப்புங்கள். பிழை வந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். டிப்பெக்ஸ் (வெள்ளைத் திருத்த மை) பூசியதற்காகவே தள்ளுபடியான டெண்டர்கள் உண்டு.

கட்டாய சைட் கூட்டத்துக்கு நேரத்தோடு போய், பதிவேட்டில் கம்பெனிப் பெயரைச் சரியாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதோடு நின்றுவிடாமல் இடத்தை நடந்து பாருங்கள். சாட்ஸ்வொர்த் போன்ற மேட்டுப் பகுதியில் ரெடிமிக்ஸ் லாரி ஏறாத சந்துகள் இருக்கும். அங்கே கான்கிரீட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக வேண்டும், கூலி எகிறிவிடும். பி.ஓ.க்யூ-வில் (வேலை அளவு, விலைப் பட்டியல்) இது தனி வரியாக வராது, உங்கள் கன மீட்டர் விலையில்தான் சேர்க்க வேண்டும்.

இனி புள்ளிக் கணக்கு. 50 மில்லியன் ரேண்ட் வரையான டெண்டரில் விலைக்கு 80 புள்ளி, டெண்டரில் குறிப்பிட்ட இலக்குகளுக்கு (முன்பு ஒதுக்கப்பட்டவர்களின் உரிமைப் பங்கு போன்றவை) 20. குறைந்த விலை 1,000,000 ரேண்ட், உங்களுடையது 1,080,000 என்று வையுங்கள். 8 சதவீதம் அதிகம், 80-ல் 6.4 போய் 73.6 கிடைக்கும். இலக்குகளில் குறைந்த விலை போட்டவருக்கு 10, உங்களுக்கு 20 என்றால் 90-க்கு 93.6, வேலை உங்களுக்கு. அதனால் அடிமாட்டு விலைக்கு இறங்குவதைவிட, அந்த 20-க்கான சான்றுகளை ஒன்றுவிடாமல் வைப்பது மேல். இதில் பலர் சறுக்கும் இடம் பி-பிபிஇஇ (கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாடு) உறுதிமொழிப் பத்திரம்: கட்டுமானத் துறைக்குத் தனிப் படிவம் இருக்கிறது, பொதுப் படிவத்தை வைக்காதீர்கள்.

பி.ஓ.க்யூ-வில் எந்த வரியையும் காலியாக விடாதீர்கள்; அந்தச் செலவு மற்ற விலைகளில் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். பெருக்கலையும் திரும்பப் பாருங்கள். சிஐடிபி நிபந்தனைப்படி வரியின் மொத்தத் தொகைதான் நிற்கும், யூனிட் விலையை அதற்கேற்பத் திருத்துவார்கள். பாதுகாப்பு ஃபைல் (வேலையிடப் பாதுகாப்புத் திட்டமும் ஆவணங்களும்) ஒப்புதலாகாமல் சைட்டில் கால்வைக்க முடியாது. அதன் செலவையும் ஆரம்பச் செலவுப் பகுதியில் போடுங்கள்.

கடைசியாகப் பணம். பில்லுக்கு 30 நாளில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், ஆனாலும் தள்ளிப்போகும். இரண்டு மாதச் சம்பளம் கையில் இல்லாமல் போடாதீர்கள். சிமெண்ட், செங்கலுக்கு செஷன் ஒப்பந்தம் கேளுங்கள். அதன்படி பொருளுக்கான பணத்தை வேலை கொடுக்கும் அரசுத் துறையே கடைக்காரருக்கு நேரடியாகக் கட்டிவிடும். எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்வதில்லை, விலை போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.