கடலுக்குப் போய்விட்டு கொடைக்கானலா?

சனிக்கிழமை ராமேஸ்வரம் பக்கம் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது), ஞாயிறு காலை கொடைக்கானல் என்று திட்டம் போடும் மதுரைக்காரர்களே, வரிசையை மாத்துங்க. மலை முதலில், கடல் பிறகு.

ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். கரையேறிய பிறகும் அது வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த கொடைக்கானலுக்கு, சுமார் 2,100 மீட்டர் உயரம் போனால், சோடா மூடியைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பலாம்.

ஸ்கூபா முடிந்து விமானம் ஏறக் காத்திருக்கும் கணக்கையே மலைக்கும் வைத்துக்கொள்ளலாம்: ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18. "அஞ்சாறு மீட்டர் ஆழம்தானே" என்பார்கள். ஆபத்து குறைவுதான், ஆனாலும் காத்திருங்க.

மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வந்தால் தைலம் தேய்த்துப் படுக்க வேண்டாம். உடனே கீழே இறங்கி மருத்துவமனையில் ஆக்சிஜன் வாங்குங்க. ஸ்கூபா போனதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்க.