8 வயது லாப்ரடார்: எடை போடாமல் போட்ட கணக்கு

மாதம் 10 கிலோ தீனி, தடுப்பூசி, குளியல், நகம் வெட்டுவது. 8 வயது லாப்ரடாரை ஏற்கும் முன் சென்னையில் நாங்கள் எழுதிய செலவுப் பட்டியல் இவ்வளவுதான். இதில் எதுவும் பிசகவில்லை. பிசகியது எடை.

கொடுத்தவர் "28 இருக்கும்" என்றார். முதலில் போன கிளினிக்கில் மேசைத் தராசு மட்டும்தான். பெரிய நாய் அதில் நிற்காது. கண்மதிப்பில் மருந்து எழுதிவிட்டார்கள். தரைத் தராசு உள்ள இடத்தில் நிறுத்தினால் 34!

மருந்தெல்லாம் கிலோ கணக்கு. குடற்புழு மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று. 34 கிலோவுக்கு மூன்றரை. உண்ணிக் காய்ச்சல் வந்தால் டாக்சிசைக்ளின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி., 28 நாள். 10 கிலோ நாய்க்கு 100 மி.கி. மாத்திரை 28 போதும். இதற்கு நூறை நெருங்கும். மயக்க மருந்தும் அப்படியே. தடுப்பூசி மட்டும்தான் எல்லா நாய்க்கும் ஒரே அளவு. முன்பு சின்ன நாய் வளர்த்தவர்கள் பழைய பில்லை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இடுப்பு எக்ஸ்ரேவுக்கு இரண்டு முறை அலைந்தோம். பின்கால்களை நேராக நீட்டிப் பிடிக்க மயக்கம் வேண்டும், மயக்கத்துக்கு வெறும் வயிறு வேண்டும். போனில் நேரம் கொடுத்தவர் அதைச் சொல்லவே இல்லை. காலையில் சோறு போட்டு, இரண்டு ஆட்டோ ஏற்ற மறுத்து, வேன் பிடித்துப் போய், வாசலோடு திரும்பினோம். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: எத்தனை மணி நேரம் பட்டினி, தண்ணீர் கொடுக்கலாமா, ரத்தமும் அன்றே எடுப்பார்களா. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கு) பார்க்காமல் மூட்டுவலிக்கு மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை நீண்ட நாள் கொடுக்கக் கூடாது. நாம் போடும் வலி மாத்திரை ஐபுப்ரோஃபெனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எக்ஸ்ரேவுக்கும் முன்னால், ஏற்கலாமா என்று பார்க்கப் போகும் அன்றே, காசில்லாமல் ஒன்று செய்யலாம். டைல்ஸ் தரையில் படுத்திருக்கும் நாய் எப்படி எழுகிறது என்று பாருங்கள். முன்கால்களை ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தை இழுத்துத் தூக்குகிறதா, பின்கால் வழுக்குகிறதா? இடுப்பில் சந்தேகம். பின்பாதத்தின் நடு நகங்கள் இரண்டும் மேல்புறமாகத் தேய்ந்து மழுங்கியிருந்தால் பாதத்தை இழுத்து நடக்கிறது என்று அர்த்தம். மூட்டோடு நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு, அந்த அறுவைச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பல திட்டங்களில் இந்த வயதுப் பெரிய நாயைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள்.

தடுப்பூசிப் புத்தகத்தில் ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. மருத்துவர் கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. மாநகராட்சி உரிமத்துக்கு ரேபிஸ் சான்று கட்டாயம் என்பதால் மறுபடி ஊசி போட வேண்டியதாயிற்று. நாயை வாங்கும் நாளிலேயே கையெழுத்தைப் பாருங்கள், ஒப்படைப்புக் கடிதம் ஒன்றும் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, தூக்கும் ஆள். 34 கிலோவை ஒருவர் மட்டும் மாடிப்படி ஏற்ற முடியாது. பின்கால்களுக்கு முன்னால் அடிவயிற்றின் கீழ் பெரிய துண்டைக் கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்தால் பின்பாரம் குறையும். தண்ணீர்க் கிண்ணம்வரை ரப்பர் பாய் விரித்தோம். மூன்றாம் நாள் துண்டு இல்லாமலே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது.