அவர்தாம்மா ஜட்ஜ்

அதிகாரப் பிரிவினை, அதாவது சட்டம் போடுவது, ஆட்சி நடத்துவது, தீர்ப்பு சொல்வது மூன்றும் தனித்தனிக் கையில் இருக்க வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால் எங்கள் டீக்கடையில் பேச்சு நேராக ஆளுநரிடம் போய் நிற்கும். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், தமிழ்நாடு ஆளுநர் நிறுத்திவைத்திருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பு சொன்னபோது, கடைக்காரர் எனக்கு போண்டா காசு கேட்கவே மறந்துவிட்டார். நவம்பரில் அதே கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், அப்படி 'கருதிக்கொள்ள' இடமில்லை, ஆளுநருக்குக் கெடு வைக்கவும் முடியாது என்று கருத்து சொன்னதும் அதே கடையில் இரண்டு பேர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரிய இடத்துச் சண்டை, நடக்கட்டும். எனக்கு அதிகாரப் பிரிவினை என்ற வார்த்தையைக் கேட்டால் ஆளுநர் மாளிகை ஞாபகம் வராது. ஒரு சுழல் நாற்காலிதான் வரும். முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்திய நாற்காலி.

கொருக்குப்பேட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், டிசி, எஃப்ஐஆர் காப்பி எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் போகும். இந்தப் பக்கம் 'ஒன் டென்' என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-வது பிரிவு. இவன் வழக்கமாகத் தப்பு செய்கிறவன், இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கட்டும் என்பதுதான் அது. நன்னடத்தைப் பிணைப் பத்திரம். திருவிழா, தேர்தல் என்று ஏதாவது வந்தால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். அந்த நோட்டீஸ்களை வரிசையாக ஜெராக்ஸ் போட்டிருக்கிறேன். 'பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடியவர்' என்ற வரி எல்லாவற்றிலும் அச்சு மாறாமல் இருக்கும். பெயரும் வயதும்தான் மாறும். ஒரு தடவை ஒரு பையனின் நோட்டீஸில் வேறு யாருடைய அப்பா பெயரோ இருந்தது. பழைய ஃபைலில் பெயரை மாற்றியவர்கள் தகப்பனை மாற்ற மறந்துவிட்டார்கள்.

2018-ல் என் தங்கச்சி பையனுக்கு வந்தது. காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற வேலை. ராத்திரி இரண்டு மணிக்குப் போனால் காலை ஒன்பதுக்கு வருவான். அவன் மேல் இரண்டு கேஸ் இருந்தது, இரண்டும் அடிதடி, ஒன்று கிரிக்கெட்டில் வந்தது. தங்கமான பையன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கோபக்காரன். ஆனால் இரண்டு கேஸிலும் எந்த கோர்ட்டும் அதுவரை தீர்ப்பு சொல்லவில்லை.

துணை கமிஷனர் முன்னால் ஆஜராகச் சொன்னார்கள். எந்த ஸ்டேஷன், எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். நான், தங்கச்சி, அவன் மூன்று பேரும் போனோம். 20 ரூபாய் பத்திரத்தை நானே டைப் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். உள்ளே அந்த நாற்காலியில் காக்கி உடுப்பில் அதிகாரி. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்று, இவன் எப்பேர்ப்பட்டவன் என்று வாசித்தார். தங்கச்சி கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்துவிட்டு வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் கேட்டாள்.

"சார், ஜட்ஜ் எப்போ வருவாரு?"

"அவர்தாம்மா ஜட்ஜ்."

"அவரு போலீசாச்சே?"

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே "கையெழுத்து போட்டுட்டு கெளம்பும்மா" என்றார். அதிகாரியும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், உட்காரக்கூடச் சொன்னார். ஒரு வருஷத்துக்குப் பத்திரம். பத்து நிமிஷத்தில் முடிந்தது.

எட்டாவது மாசம் ஹார்பரில் ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு தள்ளுமுள்ளு. எஃப்ஐஆரில் இவன் பெயரும் சேர்ந்தது. பத்திரத்தை மீறிவிட்டான் என்று ஸ்டேஷன் எழுதியது, அதே நாற்காலி அதைப் படித்தது, மிச்சமிருந்த நாலு மாசமும் உள்ளே இரு என்று ஆர்டர் போட்டது. அதற்கு 122-வது பிரிவைக் காட்டினார்கள். புழல் ஜெயில். அந்தத் தள்ளுமுள்ளில் இவன் கை ஓங்கினானா இல்லையா என்று அதுவரை ஒரு சாட்சியைக்கூட யாரும் கூண்டில் ஏற்றவில்லை. பிற்பாடு அந்தக் கேஸில் விடுதலையும் ஆனான். ஆனால் நாலு மாசம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். கடைக்கு வருகிற வக்கீல் தம்பி ஒருவர், ஜூனியர், பிரிண்ட் காசுக்குப் பதிலாகச் சட்டம் சொல்லித் தருவார். அரசியலமைப்பின் 50-வது பிரிவு ஒரே ஒரு வரி: அரசுப் பணிகளில் நீதித் துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் வரி வசூலிக்கிற கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் உட்கார்ந்து தண்டனை கொடுத்தார், அதை ஒழிக்கத்தான் இது. 1948 நவம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் இதைக் கொண்டுவந்தபோது மூன்று வருஷத்துக்குள் செய்ய வேண்டும் என்று கெடுவும் இருந்தது. பிறகு அந்தக் கெடுவை எடுத்துவிட்டார்கள். போதாததற்கு இது வழிகாட்டு நெறி. நடக்கவில்லை என்று கோர்ட்டுக்குப் போக முடியாது. அநேகமாக நாடு முழுக்க ஒரே சட்டமாக இந்தப் பிரிப்பு வந்தது 1974 ஏப்ரல் 1 முதல், புதிய நடைமுறைச் சட்டத்தோடு.

எனக்கு வயிற்றெரிச்சல் அடுத்த கதையில்தான். அந்தப் புதிய சட்டத்தில் ஒன் டென் நீதித் துறை மாஜிஸ்திரேட் கையில் இருந்தது. கறுப்பு கோட்டுப் போட்டவர்கள் வாதாடுகிற நிஜமான கோர்ட்டில். 1980-ல் ஒரு திருத்தம் போட்டு அதைச் செயல்துறை நடுவரிடம் கொடுத்தார்கள், அதாவது ஆர்டிஓ, தாசில்தார் பக்கம். 2013-ல் தமிழ்நாடு அரசு ஒரு அரசாணை போட்டு அதைச் சென்னை போலீஸ் துணை கமிஷனர்களிடம் கொடுத்தது. 2014-ல் இன்னொரு அரசாணை, மற்ற மாநகரங்களுக்கும். கறுப்பு கோட்டிலிருந்து வெள்ளைச் சட்டைக்கு, வெள்ளைச் சட்டையிலிருந்து காக்கிக்கு. பிடிக்கிறவர், அறிக்கை எழுதுகிறவர், அதைக் கேட்டு உள்ளே தள்ளுகிறவர் எல்லாம் ஒரே துறை. இன்ஸ்பெக்டர் எழுதியது தப்பு என்று துணை கமிஷனர் சொல்ல வேண்டுமென்றால் தன் கீழே வேலை செய்கிற ஆளையே பொய்யன் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும் வாரத்துக்கு எத்தனை தடவை சொல்வார்?

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு இந்த இரண்டு அரசாணைகளும் செல்லாது என்று தீர்ப்பு கொடுத்தது. காரணம் அதிகாரப் பிரிவினை. மாநகரத்தில் போலீஸ் கமிஷனருக்கு இந்த மாதிரி அதிகாரம் கொடுக்க சட்டத்திலேயே தனியாக ஒரு வாசல் உண்டு, 20(5)-வது பிரிவு. அதைக் காட்டி துணை கமிஷனர்களையும் உள்ளே விட முடியாது. அப்படியானால் மறுபடி தாசில்தார் பக்கம்தானே, அவரும் அரசாங்கத்து ஆள்தானே என்று வக்கீல் தம்பியிடம் கேட்டேன். "ஆமாண்ணா, ஆனா இன்ஸ்பெக்டருக்கு மேலதிகாரி இல்லையே" என்றார். அரைக்கிணறு தாண்டியது மாதிரிதான் எனக்குப் பட்டது. 2024 ஜூலையிலிருந்து சட்டத்தின் பெயரும் மாறி, ஒன் டென் இப்போது 129. இந்தப் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தீர்ப்பு வந்த வாரமே முழுசாக பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, விடிகாலையில் காசிமேட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். என் மருமகன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ் லாரி பக்கத்தில் நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஈரக் கையைப் பனியனில் துடைத்துவிட்டு வாங்கி, ஓரத்தை விரலால் சரசரவென்று ஓட்டிப் பார்த்தான்.

"இதுக்கு இம்மாம் பேப்பரா மாமா? அவரு போலீஸ்னு எங்கம்மா அன்னிக்கே சொல்லிச்சே."