எத்தனை இன்ச் என்பது கடைசிக் கேள்வி: 1951 செவர்லே பிக்கப்பின் கூரையை இறக்க அளவெடுத்த அனுபவம்

பழைய பிக்கப்பின் தூண்களில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் கூரையைத் தாழ இறக்கப்போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது “எத்தனை இன்ச்?” என்றுதான். அந்த ஓர் எண்ணை முடிவுசெய்துவிட்டால் தகடு வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. கூரை நேர்க்கீழாக இறங்குகிறது. அதைத் தாங்கும் தூண்களோ முன்னும் பின்னும் உள்ளுமாகச் சாய்ந்து நிற்கின்றன. இந்த இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் வேலையே. என் 1951 செவர்லே 3100-இல் வெட்டுவதற்குப் பிடித்த நேரத்தைவிட அளவெடுக்கப் பிடித்த நேரம் அதிகம். அதில் ஒரு நிமிடமும் வீண் இல்லை.

கூரையை இறக்கும் பழக்கம் தெற்குக் கலிபோர்னியாவில் முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பந்தயம் ஓட்டியவர்களிடமிருந்து வந்தது. காற்றில் மோதும் முகப்பு சிறுத்தால் அதே எஞ்சினில் வேகம் கூடும். அழகுக்காக இறக்குவது அதன் தொடர்ச்சி. எனக்கு வேண்டியிருந்தது அழகுதான். அந்த வரிசை செவர்லேயின் பருத்த மட்கார்டுகளுக்கும் உருண்ட மூக்குக்கும் கேபின் கொஞ்சம் தாழ்ந்தால் வண்டியின் முகமே மாறிவிடும்.

முதலில் படம். வண்டிக்குப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி நின்று, கேமராவைக் கதவுக் கண்ணாடியின் அடிவிளிம்பு உயரத்தில் வைத்து, ஜூம் செய்து எடுத்தேன். பக்கத்தில் நின்று எடுத்தால் கூரையின் உருவம் பொய்யாகத் தெரியும். கதவில் ஓர் அளவுகோலை ஒட்டிவைத்தால் படத்தில் எது எத்தனை இன்ச் என்று கணக்கிடலாம். அச்செடுத்து, கூரையைக் கத்தரித்து, கீழே நகர்த்தி ஒட்டிப் பார்த்தேன். என் ஆசை 4 இன்ச். படத்தில் 4 இன்ச் நன்றாகவே இருந்தது. அதை மாற்றியது இருக்கை.

சீட்டில் முழு எடையோடு உட்கார்ந்து, ஸ்பிரிங் அமுங்கிய பிறகு, கண் மட்டத்திலிருந்து விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பு வரை எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரை அளக்கச் சொன்னேன். பிறகு அட்டையைப் பட்டையாக வெட்டிக் கண்ணாடியின் மேற்பகுதியில் ஒட்டி, நிறுத்திய வண்டிக்குள் உட்கார்ந்து வெளியே பார்த்தேன். 4 இன்ச் பட்டையில் சிக்னல் விளக்கைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். 3 இன்சில் தலை நிமிர்ந்தே தெரிந்தது. சீட்டைப் பின்னால் தள்ளலாம் என்றால், 1949 முதல் இந்த வரிசை வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளே, சீட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஆக 3 இன்ச். அந்த டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோன பிறகுதான் வெல்டிங் பற்றிய பேச்சே எடுக்க வேண்டும். கேபினுக்குள் தீப்பொறி பறக்கும் வேலை இது.

அடுத்து மட்டம். கேபின் சேசிஸிலேயே (வண்டியின் அடிச்சட்டத்திலேயே) இருக்கட்டும், அதை அங்கே தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்களும் நல்ல நிலையில் இருக்கட்டும். தேய்ந்த கீல் ஆணிகளை மாற்றி, கதவு நான்கு பக்கமும் சமமான இடைவெளியோடு மூடும்படி செய்துகொண்டேன். தொங்கும் கதவை வைத்து அளந்தால் அந்தத் தொங்கல் புதிய கூரையிலும் ஏறிவிடும். பிறகு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி மட்டப்படுத்தி, லேசர் லெவலால் கேபினைச் சுற்றி ஒரே கோடு போட்டேன். அதன்பின் எல்லா உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்து மட்டுமே அளந்தேன். தகட்டின் வளைவையும் ரப்பர் விளிம்பையும் நம்பி அளக்கவே இல்லை.

இனி சாய்வுக் கணக்கு. முன் தூண் செங்குத்திலிருந்து 20 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூரை 3 இன்ச் இறங்க வேண்டுமென்றால் தூணின் நீளவாக்கில் எடுக்க வேண்டியது 3 அல்ல, சுமார் 3.2 இன்ச். தூணோடு டேப் பிடித்து 3 இன்ச் குறித்தால் முன்பக்கம் குறைவாக இறங்கும், பின்பக்கம் முழுதாக இறங்கும். அதோடு, நேர்க்கீழாக இறங்கிய மேல்துண்டு, அடித்தூணுக்கு ஏறக்குறைய 1.1 இன்ச் பின்னால் போய் நிற்கும். கேபினின் பின்சுவர் மேலே போகப்போக முன்னால் வளைவதால் அங்கே இதற்கு நேர்எதிராக நடக்கும். பக்கவாட்டிலும் கேபின் மேலே குறுகுகிறது. மொத்தத்தில், இறக்கிய கூரை தன் அடிப்பாகத்துக்கு நீளத்திலும் அகலத்திலும் சிறியதாகிவிடும். ஒவ்வொரு தூணின் சாய்வையும் டிஜிட்டல் கோணமானியால் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்து, தூண் வாரியாக நோட்டில் எழுதினேன்.

கூரையைக் குறுக்கும் நெடுக்கும் பிளந்து நடுவே பட்டை வைத்துப் பெரிதாக்குவது ஒரு வழி. அதிகம் இறக்குபவர்களுக்கு அது தேவைப்படும். என் கருத்தில், 3 இன்சுக்கு அந்த நீளமான வெல்டிங் வேண்டாம். மெல்லிய கூரைத் தகடு சூட்டில் நெளிந்தால் அந்த வளைவைத் திரும்பக் கொண்டுவருவது பெரும் பாடு. ஆகவே முன் தூண்களை அடியில் கீறி, கொஞ்சம் பின்னாலும் உள்ளேயும் சாய்த்துக் கூரையோடு சேர்க்கும் வழியை எடுத்தேன். பின் கண்ணாடியின் சட்டத்தைத் தொடவில்லை. அதற்குக் கீழே உள்ள தகட்டில் 3 இன்ச் எடுத்தால் கண்ணாடி முழு அளவில் அப்படியே கீழிறங்கும். பின்னால் பார்ப்பதற்கு இருக்கும் சிறிய ஜன்னலை இன்னும் சிறியதாக்க எனக்கு மனமில்லை.

வெட்டுக்கோடுகளைத் தூணின் நேரான பகுதியில், கீலிலிருந்தும் மூலை வளைவிலிருந்தும் விலக்கி மாஸ்கிங் டேப்பால் குறித்தேன். உள்தகட்டின் வெட்டும் வெளித்தகட்டின் வெட்டும் ஒரே உயரத்தில் வராமல் படியாக அமைத்தால் இணைப்பு வலுவாக நிற்கும். வெட்டுக்கு மேலும் கீழும் ஒன்றுக்கொன்று 12 இன்ச் இடைவெளியில் சென்டர் பஞ்ச் புள்ளிகள், அதாவது கூர்முனை உளியால் தகட்டில் தட்டிய சிறு குழிகள். டேப் உரிந்துபோகலாம், புள்ளி அழியாது. செங்குத்தை ஒட்டிய பின் தூண்களில் அந்த 12, கூரை உட்கார்ந்ததும் 9 ஆக வேண்டும். முன் தூண் சாய்வு மாறுவதால் அங்கே மட்டக்கோட்டிலிருந்து உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். கதவுத் திறப்பு, விண்ட்ஷீல்டு திறப்பு இரண்டின் மூலைவிட்டங்களையும் குறித்துவைத்தேன். உள்ளே சதுரக் குழாயால் முட்டுக் கொடுக்கும்போது கீழ்ப்பாகத்துக்குத் தனி, கூரைக்குத் தனி என்று பிரித்தேன். இரண்டையும் ஒரே குழாயால் கட்டினால் கூரை இறங்க வழி இருக்காது. கூரை டேக் வெல்டிங்கில் (தற்காலிகமாக ஆங்காங்கே வைத்த சிறு வெல்டிங் புள்ளிகளில்) நின்றபோது பின் தூண்கள் இரண்டிலும் டேப் 9 காட்டியது. அதைப் பார்த்த பிறகே முழு வெல்டிங்கில் கை வைத்தேன்.

கண்ணாடி விஷயத்தில் இந்த வண்டி நமக்குச் சாதகம். 1953 வரை விண்ட்ஷீல்டு இரண்டு தட்டைத் துண்டுகள்தான். லேமினேட்டட், அதாவது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய, தட்டைக் கண்ணாடியைப் புதிய அளவுக்கு வெட்டி வாங்கலாம். சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய டெம்பர்டு கண்ணாடியை வெட்ட முயன்றால் பொடிப்பொடியாகும், அதனால் மூலையில் உள்ள முத்திரையைப் படித்துவிட்டுத் தொடுங்கள். 1951-இல் கதவுகளில் வந்த சிறிய முக்கோண வென்ட் கண்ணாடியும் அதன் நடுக்கம்பியும் சேர்ந்தே குறைய வேண்டும், மறந்துவிடாதீர்கள். கணக்கில் வந்த அளவை வைத்துக் கண்ணாடிக்குச் சொல்ல வேண்டாம். முழு வெல்டிங்கும் முடிந்து கதவுகள் சரியாக மூடிய பிறகு, மெல்லிய பிளைவுட்டில் மாதிரி வெட்டித் திறப்பில் ரப்பரோடு வைத்துப் பார்த்து, அந்தப் பலகையையே கண்ணாடி வெட்டுபவரிடம் கொடுத்தேன். இடது துண்டுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.