பேலஸ்ட் தண்ணீர் விதிக்கு அவகாசம் கேட்பது: அமெரிக்காவில் எது எடுபடும், எது எடுபடாது

கப்பல் சமநிலைக்காக டேங்குகளில் ஏற்றி இறக்கும் தண்ணீர்தான் பேலஸ்ட். அதை அமெரிக்கக் கடலில் வெளியேற்றும் கப்பல், அதிலுள்ள உயிரிகளை நீக்கும் கருவியைப் பொதுவாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதற்கு அவகாசம் கேட்டு எழுதும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்று உண்டு. “ஒப்புதல் பெற்ற கருவி சந்தையில் இல்லை, அடுத்த டிரைடாக் வரை நேரம் தரவும்.” (டிரைடாக் என்றால் கப்பலைத் தண்ணீருக்கு வெளியே ஏற்றிப் பழுதுபார்ப்பது.) 2016 டிசம்பர் 2 வரை இந்த வரி எடுபட்டது. அன்றுதான் அமெரிக்கக் கடலோரக் காவல்படை முதல்முதலாக ஒரு பேலஸ்ட் சுத்திகரிப்புக் கருவிக்கு வகை ஒப்புதல் (அந்த மாடலைப் பயன்படுத்தலாம் என்ற சான்று) கொடுத்தது. அது நார்வேயின் ஆப்டிமரின். அதே மாதம் 23ஆம் தேதி ஆல்ஃபா லாவலும் ஓஷன்சேவரும் ஒப்புதல் பெற்றன. அதற்கு முன் ஆயிரக்கணக்கான கப்பல்கள் கிட்டத்தட்ட கேட்ட மாத்திரத்தில் நீட்டிப்பு வாங்கியிருந்தன. அதற்குப் பின் அந்தக் கதவு பாதிக்கு மேல் மூடிவிட்டது. பழைய கடித நகலை எடுத்து கப்பல் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்காதவர்கள்.

விதி சொல்வது இதுதான். 2012 மார்ச் 23 அன்று வெளியாகி ஜூன் 21 முதல் நடப்புக்கு வந்த விதிகளில், 33 சிஎஃப்ஆர் (அமெரிக்கக் கூட்டாட்சி விதித் தொகுப்பு) 151.2036 பிரிவு நீட்டிப்பைப் பற்றியது. எல்லா முயற்சியும் எடுத்த பிறகும் விதிக்கு இணங்க முடியவில்லை என்று ஆவணத்தோடு காட்டினால்தான் நீட்டிப்பு. அதுவும் இணங்குவதற்குத் தேவையான மிகக் குறைந்த காலத்துக்கு மட்டும். விண்ணப்பம் கப்பலின் இணக்கத் தேதிக்கு, அதாவது விதிக்கு இணங்கியிருக்க வேண்டிய நாளுக்கு, 12 மாதங்கள் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘முயற்சி’, ‘ஆவணம்’, ‘குறைந்த காலம்’ என்ற மூன்றையும் தனித்தனியாக எடுத்துப் பதில் எழுதினால் பாதி வேலை முடிந்தது. பலர் மூன்றையும் ஒரே பத்தியில் குழைத்து, எதற்கும் சான்று வைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் தேதி சரியா என்று பாருங்கள். பழைய கப்பல்களுக்கு பேலஸ்ட் கொள்ளளவை வைத்துத் தேதி. 1500 முதல் 5000 கன மீட்டர் வரை என்றால் 2014 ஜனவரி 1க்குப் பிறகு வரும் முதல் திட்டமிட்ட டிரைடாக். அதற்குக் கீழே அல்லது மேலே என்றால் 2016 ஜனவரி 1க்குப் பிறகு வரும் முதல் திட்டமிட்ட டிரைடாக். 2013 டிசம்பர் 1 அல்லது அதற்குப் பின் கட்டத் தொடங்கிய கப்பலுக்கு, டெலிவரி ஆகும் நாளிலேயே. ‘திட்டமிட்ட’ என்ற சொல் முக்கியம். புரொப்பெல்லர் அடிபட்டு அவசரமாக டாக் ஏறியது இந்தக் கணக்கில் வராது. டாக் ஏறாமல் தண்ணீருக்குள்ளேயே டைவர் வைத்து முடிக்கும் ஆய்வும் வராது. கொள்ளளவு என்பது எல்லா பேலஸ்ட் டேங்குகளின் கூட்டுத்தொகை. ஒரு பயணத்தில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பது பொருட்டல்ல. 4,900 கன மீட்டரா 5,100ஆ என்பதை டேங்க் கெப்பாசிட்டி பிளானில் இருந்தே எடுங்கள், நினைவில் இருந்து எழுத வேண்டாம். இது தவறினால் தேதியே மாறிவிடும்.

அமெரிக்கா பக்கமே போகாத கப்பலின் உரிமையாளர்கள் இன்னொரு இடத்தில் சிக்குகிறார்கள். பத்து வருடமாக ஆசியாவுக்குள் ஓடிய கப்பலுக்கு திடீரென்று ஹூஸ்டனுக்குச் சரக்கு கிடைக்கிறது. இப்போது விண்ணப்பித்தால் என்ன என்று தோன்றும். ஆனால் கப்பலின் இணக்கத் தேதி அதன் டிரைடாக்கோடு ஏற்கெனவே கடந்து போயிருக்கும். கடந்த தேதிக்கு 12 மாதம் முன்பு எப்படி விண்ணப்பிப்பது? அந்தக் கப்பலுக்கு நீட்டிப்பு வழியே இல்லை. வேறு வழிகள் உண்டு, அவற்றுக்குக் கீழே வருகிறேன்.

2017 மார்ச்சில் கடலோரக் காவல்படை நீட்டிப்புக்கான எல்லையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இணக்கத் தேதி 2018 முடிவதற்குள் வரும் கப்பல்களுக்கு அதிகபட்சம் 18 மாதம். 2019, 2020க்குள் வருபவற்றுக்கு அதிகபட்சம் 12 மாதம். 2021 ஜனவரி 1 முதல் கருவிகள் போதுமான அளவில் கிடைக்கும் என்பதால் நீட்டிப்பை எதிர்பார்க்க வேண்டாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. முன்பு ‘அடுத்த டிரைடாக் வரை’ என்று கிடைத்த கடிதம், காலண்டர் தேதி போட்டு வர ஆரம்பித்தது. யார்டு (கப்பல் பட்டறை) தேதி தள்ளிப்போனாலும் கடிதத்தின் தேதி தானாகத் தள்ளிப்போகாது. ஆகவே இன்று விண்ணப்பிப்பவர் விதிவிலக்கைக் கேட்கிறார் என்பதை மனதில் வைத்துத்தான் கோப்பைக் கட்ட வேண்டும்.

சரி, ‘முடியவில்லை’ என்பதற்கு என்ன சான்று?

பணம் இல்லை, சார்ட்டர் (கப்பல் வாடகை) ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை, கப்பலை இரண்டு வருடத்தில் உடைக்கக் கொடுக்கப்போகிறோம் என்பவை எல்லாம் காரணமே இல்லை. எடுபடுவது இரண்டு வகைதான். ஒப்புதல் பெற்ற எந்தக் கருவியும் இந்தக் கப்பலுக்குப் பொருந்தவில்லை என்பது ஒன்று. பொருந்தும் கருவி இருக்கிறது, ஆனால் தேதிக்குள் கைக்கு வராது அல்லது பொருத்த யார்டில் இடம் கிடைக்காது என்பது இன்னொன்று.

முதல் வகையைச் சொல்வதானால், எந்தெந்தக் கருவி ஏன் பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். டாப்சைடு டேங்க் (சரக்கறையின் மேல் பக்கவாட்டில் உள்ள பேலஸ்ட் டேங்க்) உள்ள ஒரு பல்க் கேரியரை, அதாவது தானியம், நிலக்கரி போன்றவற்றை அப்படியே கொட்டி ஏற்றும் கப்பலை எடுத்துக்கொள்வோம். அந்த டேங்குகளை வழக்கமாகப் பம்ப் போட்டுக் காலி செய்வதில்லை. பக்கவாட்டு வால்வைத் திறந்தால் தண்ணீர் தன் எடையிலேயே கடலில் கொட்டிவிடும். யுவி (புற ஊதாக் கதிர்) கருவி தண்ணீரை ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது இன்னொரு முறை சுத்திகரிக்க வேண்டும். நேரே கடலில் விழும் தண்ணீர் யுவி அறைக்குள் போகவே போகாது. மின்னாற்பகுப்பில் குளோரின் உண்டாக்கும் கருவி என்றால் ஏற்றும்போது ஒரு முறை போதும். ஆனால் இறக்கும்போது மிச்சக் குளோரினை அளந்து, சோடியம் தயோசல்ஃபேட் அல்லது பைசல்ஃபைட் கலந்து முறித்த பிறகுதான் வெளியே விட வேண்டும். நேரே விழும் தண்ணீரில் சென்சாரும் இல்லை, மருந்து கலக்க இடமும் இல்லை. ஆக எந்தக் கருவியை எடுத்தாலும் டாப்சைடில் இருந்து டபுள் பாட்டம் (கப்பலின் இரட்டை அடித்தளம்) மெயின் லைனுக்குப் புதிய பைப் இறக்கியாக வேண்டும். இது கடலில் ஓடிக்கொண்டே செய்யக்கூடிய வேலையல்ல. இப்படி டேங்க் எண், வால்வு எண், பைப்பிங் வரைபடத்தோடு எழுதினால் படிக்கும் அதிகாரிக்குக் கப்பல் கண்முன் நிற்கும். “தொழில்நுட்பச் சிக்கல்கள் உள்ளன” என்று மட்டும் எழுதினால் அவருக்கு எதுவும் தெரியாது.

கொள்திறன் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். மணிக்கு 800 கன மீட்டர் தள்ளும் பம்ப் இரண்டு, இறக்க வேண்டியது 24,000 கன மீட்டர் என்றால் 15 மணி நேரம். பொருத்தக்கூடிய கருவி மணிக்கு 1,000தான் தாங்கும் என்றால் அதே வேலைக்கு 24 மணி நேரம். சரக்கேற்றும் வேகத்துக்கு பேலஸ்ட் இறங்காவிட்டால் கப்பலின் டிராஃப்டும் (நீரில் மூழ்கும் ஆழம்) வளைவு விசையும் கணக்கை மீறும், ஏற்றுவதை நிறுத்த வேண்டிவரும். அது பாதுகாப்புக் காரணம், ஏற்றுக்கொள்ளத் தக்கது. வெறுமனே தாமதம் என்றால் அது வணிகக் காரணம், ஏற்க மாட்டார்கள். டேங்கராக இருந்தால் வெடிப்பு அபாயப் பகுதி வகைப்பாடு, சரக்கு டேங்க் பகுதியின் பேலஸ்ட் லைனும் எஞ்சின் ரூம் பக்கத்து ஆஃப்ட் பீக் (பின்முனை டேங்க்) லைனும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கும் ஏற்பாடு இரண்டும் சேரும். ஜெனரேட்டர் லோட் கணக்கும் தேவை. சரக்கு கிரேன், பேலஸ்ட் பம்ப், கருவி மூன்றும் சேர்ந்து ஓடும் நேரத்தில் மின்சாரம் போதுமா என்று காட்ட வேண்டும்.

இதில் அமெரிக்காவுக்கே உரிய ஒரு முடிச்சு உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு, இனப்பெருக்கம் செய்ய முடியாத உயிரி செத்ததற்குச் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க விதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறது. யுவி பெரும்பாலும் உயிரியைக் கொல்வதை விட அதன் மரபணுவைச் சிதைத்து மேலும் பெருகாமல் செய்கிறது. அதைக் கணக்கில் எடுக்கும் பரிசோதனை முறையை ஏற்கக் கோரிய மேல்முறையீட்டை கடலோரக் காவல்படை 2016 ஜூலையில் நிராகரித்தது. அதனால் ஒரே கருவிக்கு அமெரிக்கச் சான்றில் கொள்திறன் குறைவாகவும், மின்தேவை கூடுதலாகவும், டேங்கில் தேக்கி வைக்கும் நேரம் அதிகமாகவும் இருக்கலாம். கம்பெனி பட்டியலில் உள்ள எண்ணை எடுத்து எழுதாமல், அமெரிக்க வகை ஒப்புதல் சான்றிதழின் வரம்புகளில் இருந்து எடுங்கள்.

இரண்டாவது வகைக்கு மூன்று கடிதங்கள் வேண்டும். கருவி தயாரிப்பாளரின் டெலிவரி தேதி, யார்டின் இட நிலவரம், கிளாஸ் நிறுவனத்தின் (கப்பல் கட்டுமானத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) வரைபட ஒப்புதல் கால அட்டவணை. மூன்றிலும் உங்கள் கப்பலின் ஐஎம்ஓ எண் (கப்பலின் நிரந்தர அடையாள எண்) இருக்க வேண்டும். “எங்கள் உற்பத்தி தற்போது அதிகம்” என்று எல்லாருக்கும் பொதுவாக எழுதிய கடிதம் உங்கள் கப்பலைப் பற்றி எதையும் நிறுவாது. யார்டு என்றால் ஒன்றைக் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தத் தேதியில் எந்த யார்டைக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்ற மின்னஞ்சல் தொடரை அப்படியே வையுங்கள். ஆர்டர் போட்ட ஒப்பந்தம் இருந்தால் அதற்கு நிகரான சான்று வேறில்லை. விலைப்பட்டியல் வாங்கியது மட்டும் முயற்சி ஆகாது.

பிறகு, எப்போது முடிப்போம் என்ற திட்டம். லேசர் ஸ்கேன் எடுப்பதில் தொடங்கி, விரிவான வரைபடம், கிளாஸ் ஒப்புதல், கருவி டெலிவரி, பைப் துண்டுகளை முன்கூட்டியே யார்டில் செய்வது, பொருத்துவது, இயக்கிச் சோதிப்பது, ஊழியர் பயிற்சி வரை ஒவ்வொன்றுக்கும் ஆரம்ப தேதி, முடிவு தேதி போடுங்கள். இதில் கடைசித் தேதி எதுவோ, அதைத்தான் நீட்டிப்பாகக் கேட்க வேண்டும். எட்டு மாதத் திட்டத்தை வைத்துக்கொண்டு பதினெட்டு மாதம் கேட்டால், தேவையான குறைந்த காலம் என்ற நிபந்தனையில் நீங்களே உங்களை வீழ்த்திக்கொள்கிறீர்கள்.

நீட்டிப்புக்கான வரியை இப்படி எழுதலாம்: “ஆர்டர் செய்த கருவி இன்ன தேதியில் யார்டுக்கு வரும் என்று தயாரிப்பாளர் இணைப்பு 3இல் உறுதி செய்துள்ளார். இன்ன யார்டு இன்ன தேதியில் டாக் ஒதுக்கியுள்ளது, இணைப்பு 4. பொருத்தவும் சோதிக்கவும் 24 நாள். எனவே இன்ன தேதி வரை நீட்டிப்பு கோருகிறோம்.” இதற்கு மேல் உருக்கம் தேவையில்லை.

வேறு நாட்டு ஒப்புதல் பெற்ற கருவியை ‘மாற்று மேலாண்மைக் கருவி’ என்று அமெரிக்கா இடைக்காலத்துக்கு ஏற்பதும் உண்டு. அந்த ஏற்பு உள்ள கப்பலின் நிலை வேறு. அது இணக்கத் தேதியில் இருந்து 5 வருடம் வரை விதிக்கு இணங்கியதாகவே கணக்கு. இணங்கிய கப்பல் நீட்டிப்பு கேட்க முகாந்திரம் இல்லை. அந்த 5 வருடம் முடியும்போது அதே கம்பெனிக்கு வகை ஒப்புதல் கிடைத்திருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். ஒப்புதல் பெற்ற மாடலில் ஃபில்டர் வலை, விளக்கின் திறன், மென்பொருள் மாறியிருக்கலாம். கப்பலில் உள்ளது அதே அமைப்பாக இருந்தால்தான் செல்லும்.

கடிதம் கையில் வந்தபின் அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதில் குழப்பம் நிறைய. அது ஒரு கருவியைப் பொருத்தும் தேதியை மட்டும் தள்ளி வைக்கிறது. பேலஸ்ட்டை நடுக்கடலில் மாற்றும் கடமை அப்படியே இருக்கிறது. கரையில் இருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் டேங்கை முழுவதும் காலி செய்து நிரப்ப வேண்டும், அல்லது டேங்கின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை ஊடே ஓடவிட வேண்டும். பாதையை விட்டு விலகியோ தாமதித்தோ மாற்ற வேண்டியதில்லை, ஆனால் அப்போது இயக்கத்துக்குத் தேவையான அளவை மட்டுமே வெளியேற்றலாம். துறைமுகம் வந்து 6 மணி நேரத்துக்குள் அல்லது அதற்கு முன் கிளம்பினால் கிளம்புவதற்கு முன், தேசிய பேலஸ்ட் தகவல் மையத்துக்கு அறிக்கை போக வேண்டும். பேரேரிகளுக்கோ ஹட்சன் ஆற்றுக்கோ போகிற கப்பல் 24 மணி நேரம் முன்பே அனுப்ப வேண்டும். டேங்கின் வண்டல் அகற்றுதல், பதிவேடு, பேலஸ்ட் திட்டம் எதிலும் தளர்வு இல்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2013 கப்பல் அனுமதி வேறு சட்டத்தின் கீழ் வருவது. கடலோரக் காவல்படையின் நீட்டிப்பு அதைத் தொடாது. நீட்டிப்பு உள்ள கப்பல்களை அமலாக்கத்தில் குறைந்த முன்னுரிமையாகப் பார்ப்போம் என்று முகமை 2013 டிசம்பரில் சொன்னது, அவ்வளவுதான். பேலஸ்ட் பற்றிய சர்வதேச ஒப்பந்தமும் தனி. 2017 செப்டம்பர் 8இல் நடப்புக்கு வந்த அதில் அமெரிக்கா சேரவில்லை. சிங்கப்பூரிலோ ராட்டர்டாமிலோ அமெரிக்கக் கடிதத்தை நீட்டினால் பயனில்லை. அங்கே 2024 செப்டம்பர் 8க்குள் எல்லாக் கப்பல்களும் சுத்திகரிப்புத் தரத்துக்கு வந்திருக்க வேண்டும்.

பொருத்திய கருவி பழுதானதற்கும் சிலர் நீட்டிப்பு கேட்கிறார்கள். அது வேறு வழி. அதே விதிகளின் 151.2040 பிரிவின்படி, அருகிலுள்ள துறைமுகத்துக்குப் பொறுப்பான கடலோரக் காவல்படை அதிகாரிக்கு (கேப்டன் ஆஃப் த போர்ட்) உடனே தெரிவித்து, அவர் சொல்லும் மாற்று ஏற்பாட்டைக் கேட்க வேண்டும். துறைமுகத்துக்கு வந்து வால்வைத் திறந்தபின் சொல்வது மிகவும் தாமதம்.

நீட்டிப்பு மறுக்கப்பட்டால் மிஞ்சுவது மூன்று. அமெரிக்கக் கடலில் பேலஸ்ட்டை வெளியேற்றாமலே சரக்கு வேலையை முடிப்பது. கரை வசதிக்கோ சுத்திகரிக்கும் இன்னொரு கப்பலுக்கோ கொடுப்பது. அமெரிக்கப் பொதுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீரை மட்டும் பேலஸ்ட்டாக ஏற்றுவது. கடைசி வழிக்கு டேங்க் முதலில் வண்டல் உட்படச் சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும், பிறகு வேறு தண்ணீர் ஒரு சொட்டும் சேரக் கூடாது, தண்ணீர் வாங்கிய ரசீது கப்பலில் இருக்க வேண்டும். சிறிய கப்பலுக்கு இது நடைமுறையில் சாத்தியம். பெரிய பல்க் கேரியருக்கு முதல் வழியும் பெரும்பாலும் ஒத்துவராது, சரக்கு ஏற்றினால் பேலஸ்ட் இறங்கித்தான் ஆக வேண்டும். மீறினால் 2012 விதி நாளொன்றுக்கு 35,000 டாலர் வரை அபராதம் எழுதியது. அந்தத் தொகை பணவீக்கத்தோடு கூட்டப்பட்டு வருகிறது.

கப்பலில் ஏறும் ஆய்வாளர் கடிதத்தைக் கேட்பார், அதன் தேதியைப் பார்ப்பார், ஐஎம்ஓ எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிடுவார். பிறகு கடைசியாக எந்த டேங்கில் எங்கே மாற்றினீர்கள் என்று கேட்பார். சீஃப் ஆபீசர் பதிவேட்டைத் திறந்து டேங்க் எண், அட்சரேகை, தீர்க்கரேகை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கன மீட்டர் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே காட்ட வேண்டும். பம்ப் ஓடிய மணி நேரமும் அந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த கேள்விகள் அங்கிருந்து தொடங்கும்.